பீடி பற்றவைத்த படகு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த 61 நாள்களில்தான் தொண்டியிலுள்ள என் வீட்டுத் திண்ணைக்குக் கதைகள் வந்து சேரும். கடலுக்குப் போகமுடியாத பையன்கள் எழுதுகிறார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியை சும்மாதானே இருக்கிறாள் என்று என்னிடம் திருத்தக் கொடுக்கிறார்கள்.

இந்த ஆண்டு வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த வரி, ‘பீடியைப் பற்றவைத்து, படகு பாம்பனை நோக்கிக் கிளம்பியது.’ படகு பீடி குடிக்கிறது! புரிகிறதல்லவா டீச்சர் என்றான் எழுதியவன். புரிகிறதுதான். ஆனால் காணாமல்போன அப்பாவைத் தேடி மகன் கிளம்பும் இடம் அது. அங்கே வாசகர் சிரித்துவிட்டால் பதற்றமெல்லாம் போயிற்று.

‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் எழுவாயை விட்டு நகராது. பற்றவைத்தவர் யாரோ அவரே கிளம்பவும் வேண்டும். தொல்காப்பியர் வினையியலிலேயே சொல்லிவிட்டார். எழுவாய் மாறினால் எச்சத்தை மாற்றுங்கள்: ‘தாத்தா பீடியைப் பற்றவைத்ததும் படகு கிளம்பியது.’ அதற்காக, ‘காற்றடித்துப் படகு கவிழ்ந்தது’ என்பதை அடித்துவிடாதீர்கள். அங்கே காற்று காரணம், கவிழ்ந்தது காரியம். ‘மழை பெய்து மரம் குழைத்தது’ (துளிர்த்தது) என்று உரையாசிரியர்களே இதற்கு வழிவிட்டிருக்கிறார்கள். ‘கால் வழுக்கி விழுந்தான்’ என்பதும் சரி, காலும் அவனுடையதுதானே.

ஒருமை பன்மையில் நான் கொஞ்சம் கடுமை. ‘மீன் துள்ளியது’, ‘மீன் துள்ளின’ இரண்டும் சரி. ‘மீன்கள்’ என்று எழுதிவிட்டால் ‘துள்ளின’ மட்டுமே. ஏலக்கடையில் கூடை கூடையாக மீன் வந்து இறங்கும்; மீன்கள் வந்ததாக அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கள்ளைக் குறைக்கச் சொல்வதில் எனக்கு எல்லா வகையிலும் சம்மதம்.

ஒற்று மிகுவதைப் பற்றி அதிகம் பேசினால் பையன்கள் எழுந்து போய்விடுவார்கள். ‘வலையைக் கட்டினான்’ என்பதில் ஐ உருபுக்குப் பின் க் வேண்டும். ‘வலை கட்டினான்’ என்றால் வேண்டாம். ‘அலைகடல்’ வினைத்தொகை, நடுவே க் நுழையக்கூடாது. இப்போதைக்கு இவை போதும்.

உரையாடலில் மட்டும் நான் கைவைப்பதில்லை. இங்குள்ள ஒரு பையனின் கதையை வெளியிட்ட நகரத்துப் பத்திரிகை ஒன்று, சம்மாட்டியின் (படகு முதலாளியின்) பேச்சையெல்லாம் புத்தகத் தமிழாக்கிவிட்டது. வாடைக்காற்றில் வலையை இழுக்கும்போது எந்தச் சம்மாட்டி ‘விரைந்து வாருங்கள்’ என்று கத்துவார்? அச்சில் வந்த முதல் கதை. அவன் அதை அப்பாவிடம் காட்டவே இல்லை.