பின்சக்கர ஸ்பிரிங்கும் ஸ்ட்ரட்டும்: புளியரையில் வீட்டிலேயே மாற்றிய அனுபவம்

புளியரையிலிருந்து எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசலைத் தாண்டி ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குள் இறங்கும் மலைப்பாதையை வாரத்தில் ஐந்து நாள் காரில் கடந்து, எல்லைக்கு அப்பால் உள்ள ஒரு பள்ளியில் இயற்பியல் கற்பித்து வருகிறேன். சரக்கு லாரிகள் இரவும் பகலும் ஏறி இறங்கும் சாலை அது. சாரல் காலத்தில் விழும் பள்ளங்கள் மழை விட்ட பிறகும் பல மாதம் அப்படியே கிடக்கும். சென்ற ஆண்டு அந்தப் பள்ளங்களில் இறங்கும்போதெல்லாம் வலது பின்சக்கரத்தின் பக்கத்திலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. பின்னிருக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்தாலே வால்பகுதி தாழ்ந்தது. டயருக்குக் காற்றுப் பிடிக்கப் போன இடத்தில், டயரின் உட்புறம் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருப்பதை அந்தக் கடைப் பையன்தான் முதலில் கவனித்துச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து, போர்டிகோவின் சமதளமான சிமெண்டுத் தரையில் காரை நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் வளைவு வரை டேப்பால் அளந்தேன். இடதுபுறம் 36 சென்டிமீட்டரும் வலதுபுறம் 33 சென்டிமீட்டரும் இருந்தன. டார்ச் அடித்துப் பார்த்தபோது, வலதுபுற ஸ்பிரிங்கின் அடிச்சுற்றில் ஏறத்தாழ அரைச்சுற்று துருவேறி முறிந்து காணாமல் போயிருந்தது. இடது ஸ்பிரிங் முழுதாக இருந்தாலும் அந்தப் பக்கத்து ஸ்ட்ரட்டின், அதாவது ஸ்பிரிங்குக்குள் நின்று குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பரின், உடம்பெல்லாம் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது. முறிந்த நுனி டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கக்கூடிய தூரத்தில் இருந்ததால், அன்றிலிருந்து வேலை முடியும் வரை பேருந்தில்தான் பள்ளிக்குப் போனேன்.

இந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டும் என்று எனக்கு முதலில் எண்ணமில்லை. விலை விசாரிக்கப் போன ஒரு பட்டறையில், அமுக்கிய ஸ்பிரிங்கைக் கட்டுக்கம்பியால் நான்கு இடத்தில் முறுக்கிக் கட்டிவிட்டு, அதன் நேர் எதிரே ஒரு சிறுவன் குந்தியிருந்து நட்டைக் கழற்றுவதைக் கண்டேன். என் வண்டிக்காக இன்னொரு பிள்ளை அப்படி உட்கார நான் காரணமாகக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்து, பேசாமல் திரும்பி வந்துவிட்டேன்.

என் தந்தை அம்பாசடர் வைத்திருந்த காலத்தில் பின்புற ஷாக் அப்சார்பரை வீட்டு வாசலில் அவரே கழற்றி மாட்டுவார். அதில் ஆபத்து குறைவு, ஏனென்றால் அந்த வண்டியின் பின்பாரத்தைத் தாங்கியது பட்டை ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் அதற்குப் பக்கத்தில் தனியாக நின்றது. இன்றைய கார்கள் பலவற்றில் பின்புறம் சுருள் ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் அப்சார்பர் தனியாகவும் இருக்கின்றன. ஆனால் என் காரைப் போலப் பின்னாலும் ஸ்ட்ரட் உள்ள வண்டிகளில், ஷாக் அப்சார்பரின் உடம்பின் மேலேயே ஸ்பிரிங் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கீழே ஒரு தட்டு, மேலே ஒரு மவுண்ட், இரண்டுக்கும் நடுவில் அமுங்கிய ஸ்பிரிங், அந்த அமைப்பு முழுவதையும் பிடித்து நிறுத்துவது உச்சியில் உள்ள ஒரே ஒரு நட்டு. பழைய வண்டிகளில் கை பழகியவர்கள் இந்த நடு நட்டையும் மற்ற நட்டுகளைப் போலவே எண்ணிச் சாவி போடுவதால்தான் விபத்து நேர்கிறது.

மாணவர்களுக்கு ஹூக் விதியை ஆண்டுதோறும் நடத்துகிறேன். நீட்டிய அளவுக்கு ஏற்ப விசை என்று ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட அந்த விதியையே இங்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2 கிலோ எடை தேவைப்படும் ஸ்பிரிங் ஒன்றை 100 மில்லிமீட்டர் அமுக்கி வைத்தால், அது 200 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் விரியப் பார்க்கும். அதில் அடங்கியிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 100 ஜூல், அதாவது பத்துக் கிலோ எடையுள்ள இரும்புக்கட்டி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றல். அது மொத்தமும் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி வந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் ‘இந்த நிமிடத்தில் ஸ்பிரிங்கின் விசையை எது பிடித்துக்கொண்டிருக்கிறது’ என்ற ஒரு கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்லாமல் அடுத்த நட்டைத் தொடுவதில்லை என்று நானும் உதவிக்கு வந்த என் மைத்துனரும் உறுதி செய்துகொண்டோம்.

உதிரிப் பாகங்களை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்கினேன். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் உயரமும் கடினமும் மாறுபட்டு, ஈரமான வளைவில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஸ்ட்ரட், ஸ்பிரிங் ஆகியவற்றுடன் மேல் மவுண்ட், ஸ்ட்ரட் முழுதும் அமுங்கும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர், தண்டில் புழுதி படாமல் மூடும் டஸ்ட் கவர், நைலான் வளையம் வைத்த புதிய நட்டுகள் ஆகியவற்றையும் வாங்கிவிட்டேன். நைலான் நட்டை ஒருமுறை கழற்றினால் அதன் பிடிமானம் குறைந்துவிடும். சில ரூபாய்க்காக அதை மீண்டும் போடுவது சரியல்ல. கருவிகளில் டிராலி ஜாக்கியும் ஜாக்கி ஸ்டாண்டுகளும் என்னிடம் இருந்தன. ஸ்பிரிங்கைக் கொக்கிகளால் பிடித்து அமுக்கும் ஸ்பிரிங் கம்ப்ரெசரை ஒரு கருவிக்கடையில் வாடகைக்கு எடுத்தேன். நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ஸ்பானரைச் செங்கோட்டையில் பட்டறை நடத்தி ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் சொன்னது ஒன்றுதான்: “ஸ்பிரிங் கையில லொட லொடன்னு ஆடணும் சார். ஆடலேன்னா நடு நட்டுல ஸ்பானரப் போடாதீங்க.”

சாரல் விட்டு வெயில் அடித்த ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கினோம். ஈரத்தரையில் ஜாக்கியின் சக்கரமும் ஸ்டாண்டின் காலும் வழுக்கும் என்பதால் அந்த நாளுக்காக இரண்டு வாரம் காத்திருந்தேன். அதற்கு முந்தைய இரண்டு மாலைகளிலும் ஸ்ட்ரட்டின் கீழ்ப் போல்ட்டுகளில் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தோம்.

பின்பக்கத்தைத் தூக்கும்போது பலர் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களைத்தான். அவை தரையை விட்டு எழும்பிய கணத்திலிருந்து கைப்பிரேக்கால் வண்டியை நிறுத்தி வைக்க முடியாது. ஆகவே முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுத்து, என் வண்டி முன்சக்கரங்களால் இழுக்கப்படுவது என்பதால் முதல் கியரிலும் போட்டு வைத்தோம். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால்சுற்று தளர்த்தினோம். பிறகு கையேட்டில் காட்டிய இடங்களில் மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கி, இருபுறமும் ஸ்டாண்டில் இறக்கி, வண்டியின் தோளைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பார்த்தோம். அது அசையவில்லை என்று கண்ட பிறகுதான் சக்கரங்களைக் கழற்றினோம். கழற்றிய சக்கரங்களையும் சும்மா வைக்காமல் கதவுக்குக் கீழ் உள்ள சட்டத்தின் அடியில் படுக்க வைத்தோம். ஸ்டாண்டு சரிந்தாலும் வண்டி மனிதர் மேல் இறங்காமல் அந்தச் சக்கரங்கள் தாங்கும்.

டிக்கியின் உள்ளே விரிப்பைத் தூக்கினால் ஸ்ட்ரட்டின் தலை தெரியும். அதைச் சுற்றியுள்ள நட்டுகள் மவுண்டை வண்டியின் உடலோடு பிடித்திருப்பவை, அவற்றைக் கழற்றலாம். நடுவில் இருப்பதைத்தான் தொடக்கூடாது. களைப்பில் கை தவறிப் போகக்கூடும் என்பதால், வேலை தொடங்கும் முன்பே இரண்டு பக்கத்து நடு நட்டுகளின் மேலும் சிவப்பு டேப்பை ஒட்டிவிட்டேன். முழு வேலையிலும் மிக மலிவான, மிகப் பயனுள்ள ஏற்பாடு அதுதான் என்று இன்றும் கருதுகிறேன்.

இடது பக்கத்தை முதலில் எடுத்துக்கொண்டோம். பிரேக் ஹோஸை ஸ்ட்ரட்டின் பிடியிலிருந்து விடுவித்து, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் அடியில் ஜாக்கியை மெல்ல முட்டுக் கொடுத்தோம். இல்லாவிட்டால் போல்ட் வெளியே வந்ததும் அந்தப் பாரம் முழுவதும் ஹோஸில் தொங்கி, வெளியே தெரியாமல் உள்ளே கிழிந்துவிடும். கீழ்ப் போல்ட்டுகள் எண்ணெயில் ஊறியிருந்தும் அசைய மறுத்ததால் பாக்ஸ் ஸ்பானரின் பிடியில் நீளமான குழாயைச் செருகி இழுத்தோம். வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டும் திசையில் இழுக்காமல் கீழ்நோக்கியே அழுத்தினோம். மைத்துனர் அடியில் ஸ்ட்ரட்டைக் கையால் தாங்கிக்கொள்ள, நான் டிக்கியில் கடைசி நட்டை எடுத்தேன். ஸ்ட்ரட் முழுதாக வெளியே வந்தது. விசையை எது பிடித்திருக்கிறது என்று நான் கேட்டேன். “நடு நட்டு, மச்சான்,” என்றார் அவர்.

ஸ்பிரிங்கின் முனை எந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது, மவுண்டின் துளைகள் கீழ்ப் பிடிக்கு எந்தத் திசையில் நிற்கின்றன என்பதைச் சாக்பீஸால் குறித்துப் படமும் எடுத்துக்கொண்டோம். பிறகு கம்ப்ரெசரின் மரைகளுக்கு கிரீஸ் தடவி, அதன் இரண்டு கம்பிகளையும் ஸ்பிரிங்கின் நேர் எதிரெதிர்ப் பக்கங்களில், கூடியவரை அதிகச் சுற்றுகள் அடங்குமாறு மாட்டினோம். ஸ்ட்ரட்டின் இரு முனைகளும் வெற்றுச் சுவர்களைப் பார்க்கும்படி படுக்க வைத்து, நாங்கள் இருவரும் பக்கவாட்டில் உட்கார்ந்தோம். ஒரு பக்கம் இரண்டு சுற்று, மறுபக்கம் இரண்டு சுற்று என்று கைச்சாவியால் மட்டுமே திருகினோம். ஒரு பக்கம் முந்திவிட்டால் ஸ்பிரிங் வாழைப்பழம்போல் வளைந்து கொக்கியிலிருந்து நழுவும். காற்றுத் துப்பாக்கியால் திருகினால் வேகம் கிடைக்குமே தவிர, மரை சூடேறிக் கடிப்பதையும் கொக்கி நகர்வதையும் கை உணராது. கால்மணி நேரத்துக்குப் பிறகு ஸ்பிரிங் மேல் தட்டை விட்டு விலகி, அண்ணாச்சி சொன்னதுபோல் கையில் லொட லொடவென்று ஆடியது. அப்போதுதான் தண்டு சுழலாமல் ஆலன் கீயால் பிடித்து நடு நட்டைக் கழற்றினோம்.

புதிய ஸ்ட்ரட்டை நிமிர்த்தி வைத்து நான்கைந்து முறை முழுவதுமாக அழுத்தி விரியவிட்டோம். படுத்தே கிடந்ததால் உள்ளே தங்கிய காற்று வெளியேற இது தேவை. பழைய ஸ்பிரிங்கிலிருந்து கம்ப்ரெசரை அதே மாற்று முறையில் தளர்த்தி எடுத்து, புதிய ஸ்பிரிங்கை அமுக்கி ஏற்றி, பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், மவுண்ட் எல்லாம் வைத்து, புதிய நட்டை முறுக்கிய பிறகே கம்ப்ரெசரை விடுவித்தோம். ஸ்பிரிங்கின் முனை பள்ளத்தில் சரியாக உட்காரும் வரை இரண்டுமுறை திரும்பச் செய்தோம். இடது பக்கம் முடிய மதியம் இரண்டரை மணி ஆகிவிட்டது.

வலது பக்கத்தில்தான் வேலை நின்றது. ஸ்ட்ரட்டை வண்டியிலிருந்து எடுப்பதில் தடை இல்லை. ஆனால் ஸ்பிரிங்கில் அரைச்சுற்று குறைந்திருந்ததால் கொக்கிக்குப் பிடிக்கப் போதிய சுற்றுகள் கிடைக்கவில்லை. கிடைத்த சுற்றும் துரு உரிந்து வழவழப்பாக இருந்தது. ஏழெட்டுச் சுற்று திருகியதும் ஒரு கொக்கி ஒரு விரற்கடை நகர்ந்து ‘டக்’ என்றது. இருவரும் சாவியைப் போட்டுவிட்டு எழுந்து பின்வாங்கினோம். மைத்துனருக்கு இன்னொருமுறை முயன்று பார்க்கும் விருப்பம் இருந்தது. நான் கூடாது என்றேன். நடு நட்டு இன்னும் கழற்றப்படவில்லை. விசையை அது பிடித்திருக்கிறது. அது அங்கே இருக்கும்வரை இந்த ஸ்ட்ரட் யாருக்கும் தீங்கு செய்யாது. பக்கவாட்டில் நின்று கம்ப்ரெசரை மாறி மாறித் தளர்த்தி எடுத்துவிட்டு, ஸ்ட்ரட்டை அப்படியே சாக்கில் சுற்றி, புதிய பாகங்களுடன் ஆட்டோவில் தென்காசிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு பட்டறையில், சுவரில் பொருத்தி, தடித்த தாடைகளும் முன்னால் இரும்புக் கூண்டும் வைத்த அமுக்கி இருப்பதை முன்பே விசாரித்து வைத்திருந்தேன். பத்து நிமிடத்தில் பழையதைப் பிரித்துப் புதியதைப் பூட்டித் தந்தார்கள். பத்து நிமிட வேலைக்கு அவர்கள் கேட்டதைப் பேரம் பேசாமல் கொடுத்தேன்.

ஞாயிறு காலையில் வலது ஸ்ட்ரட்டை மாட்டினோம். மேல் நட்டுகளை முதலில் கையாலேயே நான்கைந்து மரை ஏற்றிவிட்டு, பிறகு கீழ்ப் போல்ட்டுகளைச் செருகினோம். பின்பக்க இணைப்புத் தண்டுகளின் ரப்பர் புஷ் வழியாகப் போகும் போல்ட்டு ஒன்றை வழிவிடுவதற்காகத் தளர்த்தியிருந்தோம். சக்கரம் தொங்கும் நிலையில் அதை இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும்போது ரப்பர் முறுகியே இருந்து விரைவில் கிழியும் என்பதால், நக்கிளை ஜாக்கியால் வழக்கமான உயரத்துக்குத் தூக்கிய பிறகே அதை இறுக்கினோம். எல்லாவற்றையும் கையேட்டின் அளவுப்படி டார்க் ஸ்பானரால் முறுக்கி, முறுக்கியதன் மேல் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தேன். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். சக்கர நட்டுகளுக்குச் சிறிய கார்கள் பலவற்றில் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை சொல்லியிருப்பார்கள். என் வண்டிக்குச் சொன்ன அளவில், வண்டி தரையில் இறங்கிய பின் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கினோம்.

முதல் ஓட்டத்தை ஊருக்குள் மெதுவாக முடித்துக்கொண்டேன். அடுத்த நாள் கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலம் வரை போய்த் திரும்பினேன். பள்ளங்களில் சத்தம் இல்லை. வளைவில் வண்டி சாய்ந்து நிமிரும்போது முன்பிருந்த தள்ளாட்டமும் இல்லை. 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டுகளையும் மீண்டும் சோதித்து, வீல் அலைன்மெண்ட்டும் பார்த்தேன். இப்போது இரண்டு பக்கமும் 37 சென்டிமீட்டர் காட்டுகின்றன.

வாடகைக் கம்ப்ரெசரைத் திருப்பிக் கொடுக்கும் முன் துடைத்துப் பார்த்தபோது, நழுவிய அந்தக் கொக்கியின் நுனி மழுங்கியிருப்பது தெரிந்தது. வாங்கும்போதே நான் பார்த்திருக்க வேண்டியது அது. மழுங்கிய கொக்கியில் அந்தச் சிவப்பு டேப்பைச் சுற்றிக் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அந்தக் கம்பியை மட்டும் தனியே எடுத்து மேசைக்கு அடியில் வைத்தார்.