வேலிக்கு வெளியே ஒரு குழாய்: விமானப்படைத் தளத்துக்காக மாநில மானியம் கேட்ட அனுபவம்

டெக்சாஸ் மாநிலத்தில் விமானப்படைத் தளம் ஒன்றை ஒட்டி அமைந்த நடுத்தர நகரமொன்றின் குடிநீர்த் துறையில் பொறியாளராக வேலை செய்கிறேன். தளத்துக்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் ஒரே பிரதான குழாய்க்குத் துணையாக இரண்டாவது குழாயைப் பதிக்கவும், பழைய பம்ப் நிலையத்தைப் புதுப்பிக்கவும் எங்கள் நகரம் மாநில அரசிடம் மானியம் கேட்டபோது, விண்ணப்பத்தைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இன்னும் அதே வேலையில் இருப்பதால் ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். அமெரிக்க நகராட்சிகளில் பணிபுரியும் தமிழர்களில் யாருக்கேனும் இதே வேலை வந்து சேர்ந்தால் இந்தக் குறிப்புகள் பயன்படலாம்.

ராணுவத் தளம் கூட்டாட்சி அரசின் சொத்து. அதற்கான குழாய்க்கு நகரமும் மாநிலமும் ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்கலாம். தளம் மூடப்பட்டால் ஊருக்கு என்ன ஆகும் என்பதை டெக்சாஸ் பலமுறை பார்த்திருக்கிறது என்பதே அதற்கான விடை. தேவையற்ற தளங்களைத் தேர்ந்தெடுத்து மூடும் ‘பிராக்’ என்ற நடைமுறை 1988, 1991, 1993, 1995, 2005 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. ஆஸ்டினின் பெர்க்ஸ்ட்ராம் தளமும், பீவில் ஊரின் சேஸ் ஃபீல்டு கடற்படை விமானத் தளமும் 1991ஆம் ஆண்டுச் சுற்றில் போயின. லபக்கின் ரீஸ் தளமும் சான் அன்டோனியோவின் கெல்லி தளமும் 1995இல் பட்டியலில் ஏறின; இங்கிள்சைடு கடற்படை நிலையம் 2005இல் ஏறியது. பெர்க்ஸ்ட்ராம் இருந்த இடத்தில் இன்று சர்வதேச விமான நிலையம் இருக்கிறது என்றாலும், வளரும் தலைநகரத்துக்குக் கிடைத்த அந்த வாய்ப்பு எல்லா ஊர்களுக்கும் வாய்க்கவில்லை. 2005க்குப் பிறகு இன்னொரு சுற்று நடக்கவில்லை. ஆனாலும் இனி நடக்காது என்று நம்பி எந்த நகரமும் சும்மா இருப்பதில்லை.

இந்த அச்சத்திலிருந்து பிறந்ததுதான் மாநிலத்தின் மானியத் திட்டம். ‘டிஃபென்ஸ் எகனாமிக் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ் கிராண்ட்’ என்ற அதன் நீண்ட பெயரைச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லாததால், எல்லோரும் ‘டீயாக்’ என்றே சொல்கிறார்கள். 2003இல் உருவாக்கப்பட்ட டெக்சாஸ் ராணுவ ஆயத்த ஆணையம் இதை நடத்துகிறது. ஆணையம் ஆளுநர் அலுவலகத்தின் கீழ் வருகிறது. இங்கே ஆளுநர் என்பவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு மாநிலத்தை ஆள்பவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு திட்டத்துக்கு 50,000 டாலர் முதல் 50 லட்சம் டாலர் வரை கேட்கலாம்; நகரமும் தன் பங்கைப் போட வேண்டும். டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதுவும் 140 நாட்கள்தான், வழக்கமாகக் கூடி இரண்டாண்டு பட்ஜெட்டை நிறைவேற்றுகிறது. அந்தப் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கப்பட்ட பிறகுதான் விண்ணப்பங்கள் கோரப்படுகின்றன என்பதால், அறிவிப்பு வந்தபின் திட்டத்தை யோசிக்கத் தொடங்கினால் நேரம் போதாது. வடிவமைப்பு வரைபடங்களும் செலவு மதிப்பீடும் ஏற்கெனவே கைவசம் இருக்கும் நகரங்களே முந்திக்கொள்கின்றன.

எங்களிடம் வரைபடங்கள் இருந்தன. இல்லாதது, அந்தக் குழாய் ராணுவத்துக்கு ஏன் முக்கியம் என்ற வாதம். குடிநீர்த் துறைக்காரர்கள் எழுதும் அறிக்கை குழாயின் வயது, உடைப்புகளின் எண்ணிக்கை, இங்குள்ள களிமண் வறட்சியில் சுருங்கி மழையில் உப்பி ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய்களை முறிக்கும் விதம் என்று போகும். அவை அனைத்தும் உண்மை. ஆனால் ஊரின் எந்தத் தெருவுக்கும் பொருந்தும் உண்மை. எனவே 2005ஆம் ஆண்டு பிராக் சுற்றுக்கு வகுக்கப்பட்ட எட்டு அளவுகோல்களை எடுத்துப் படித்தேன். முதல் நான்கும் ராணுவ மதிப்பு பற்றியவை. ஏழாவது அளவுகோல், தளத்தைச் சுற்றியுள்ள ஊரின் உள்கட்டமைப்பு படைகளையும் அவற்றின் பணிகளையும் ஊழியர்களையும் தாங்குமா என்று நேரடியாகவே கேட்கிறது. அதைக் கண்டதும் எங்கள் அறிக்கையின் வரிசையையே மாற்றினேன். குழாய் முறிந்தால் தளத்தில் எந்தெந்த வேலை எவ்வளவு நேரத்தில் நிற்கும், விமானக் கொட்டகைகளின் தீயணைப்பு அமைப்புக்குத் தேவையான நீரழுத்தம் எப்போது குறையும், தளத்தின் தொட்டியில் இருக்கும் தண்ணீர் எதுவரை தாங்கும் என்பவை முன்னால் வந்தன. குழாயின் வயது பின்னால் போனது. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் மாநிலம் முழுவதும் மின்சாரமும் தண்ணீரும் தடைபட்டதை விளக்க ஒரு பத்தி போதுமானதாக இருந்தது, ஏனென்றால் மதிப்பீட்டாளர்கள் அனைவரும் அந்த வாரத்தைத் தங்கள் வீடுகளிலேயே அனுபவித்தவர்கள்.

இந்த விவரங்கள் தளத்திடமிருந்துதான் வர வேண்டும் என்பதில்தான் உண்மையான சிக்கல் தொடங்கியது. தளபதி எங்கள் திட்டத்தை விரும்பினார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் அதை ‘ஆதரிக்கிறேன்’ என்று எழுதித் தர முடியாது. ராணுவத்துக்கு வெளியேயுள்ள எந்த அமைப்புக்கும் பரிந்துரை செய்வதைப் பாதுகாப்புத் துறையின் நெறிமுறை விதிகள் கட்டுப்படுத்துகின்றன. நாங்கள் அனுப்பிய மாதிரிக் கடிதம் தளத்தின் சட்ட அலுவலகத்துக்குப் போய், பாராட்டுச் சொற்கள் அனைத்தும் அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. எஞ்சியவை உண்மைகள் மட்டுமே: தளம் எந்த மூலத்திலிருந்து தண்ணீர் பெறுகிறது, மாற்று வழி உண்டா, தடை ஏற்பட்டால் எந்தப் பணிகள் பாதிக்கப்படும். முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு, வணிகச் சங்கங்களும் உள்ளூர்ப் பிரமுகர்களும் அனுப்பிய கனிவான ஆதரவுக் கடிதங்களுக்கு நடுவே அதை வைத்துப் படித்தபோது, எடை இருந்தது அந்த வறண்ட கடிதத்தில்தான் என்று புரிந்தது. விண்ணப்பத்தின் மற்ற பகுதிகள் அந்தக் கடிதத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சான்று காட்டும்படி மறுபடி எழுதப்பட்டன. குழாய் தளத்துக்குள் நுழையும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் வரைபடத்தை வைக்க வேண்டாம் என்றும் தளம் கேட்டுக்கொண்டது. மாநிலத்திடம் தரும் ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்டுப் பெற முடியும் என்பதால் அது நியாயமான கோரிக்கையே.

நகர மன்றத்தின் தீர்மானம் இல்லாமல் விண்ணப்பம் செல்லாது. அந்தக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், தன் வார்டிலும் அதே வயதுள்ள குழாய்கள் அதே அளவுக்கு உடைகின்றன, அவற்றை விட்டுவிட்டுத் தளத்துக்கு முதலிடம் ஏன் என்று கேட்டார். இந்த மானியத்தை அவருடைய வார்டுக்குப் பயன்படுத்தச் சட்டம் இடம் தராது என்பது சரியான பதில்தான். ஆனால் நகரத்தின் பங்காகப் போகும் பணம் அவருடைய வார்டு மக்களும் கட்டும் தண்ணீர்க் கட்டணத்திலிருந்து வருகிறது என்பதும் சரிதான். தளம்தான் ஊரின் மிகப் பெரிய வேலைதரும் இடம் என்று நிதி அதிகாரி விளக்கினார். புதிய குழாய் செல்லும் வழியிலுள்ள குடியிருப்புப் பகுதிக்கும் பள்ளிக்கும் அதிலிருந்து இணைப்புத் தரலாம் என்பதை நாங்கள் காட்டிய பிறகே தீர்மானம் நிறைவேறியது. அந்த உறுப்பினர் எதிர்த்தே வாக்களித்தார்; அவர் மீது எனக்கு வருத்தமில்லை.

குழாயை எங்கே நிறுத்துவது என்பது இன்னொரு முக்கியமான முடிவு. தளத்தின் வேலியைத் தாண்டி ஓர் அடி சென்றாலும் கூட்டாட்சி நிலத்தில் நகரத்துக்கு வழியுரிமை வேண்டும்; அதற்கான ஒப்புதல் எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, மாநில மானியத்துக்கோ முடிவுத் தேதி உண்டு. ஆகவே வேலிக்கு வெளியே, நகரத்தின் சாலையோர நிலத்தில், தளம் எடுக்கும் மொத்தத் தண்ணீரையும் அளக்கும் மாஸ்டர் மீட்டருடன் குழாயை முடித்துக்கொள்ளும்படி வடிவமைப்பைத் திருத்தினோம். உள்ளே இணைக்கும் சிறு பகுதியைத் தளம் தன் செலவில் தனியே செய்துகொள்வதாக ஏற்பாடு.

கேட்டதைவிடக் குறைவான தொகைதான் கிடைத்தது. குழாயை மட்டும் இப்போது பதித்து, பம்ப் நிலையத்தைத் தள்ளிவைக்க நகரம் முடிவு செய்தது. மானியம் என்றவுடன் பணம் முன்கூட்டியே வங்கிக் கணக்கில் வந்து விழும் என்று நகர மன்றத்தில் சிலர் நினைத்திருந்தார்கள். நகரம் முதலில் ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்து, ரசீதுகளையும் வேலை முடிந்ததற்கான சான்றுகளையும் மாநிலத்துக்கு அனுப்பி, அதன் பிறகே திரும்பப் பெற வேண்டியிருந்தது. இடைப்பட்ட மாதங்களுக்கான ரொக்கத்தை நிதித் துறை எங்கிருந்து எடுக்கும் என்பதை விண்ணப்பிப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கி வைத்திருந்ததால் கட்டுமானம் எங்கும் நிற்கவில்லை.

பம்ப் நிலையத்துக்கு இப்போது கூட்டாட்சி அரசின் பாதுகாப்புச் சமூக உள்கட்டமைப்புத் திட்டத்தை நாடுகிறோம். 2019 நிதியாண்டின் பாதுகாப்புச் சட்டத்தில் அனுமதிக்கப்பட்டு, 2020இல் முதல் மானியங்களை வழங்கிய அந்தத் திட்டம், தளத்துக்கு வெளியே நடக்கும் வேலைகளுக்குப் பணம் தருகிறது. எங்கள் பம்ப் நிலையம் நகரத்தின் நிலத்தில்தான் நிற்கிறது. கூட்டாட்சிப் பணம் சேரும்போது சுற்றுச்சூழல் ஆய்வும் கூடவே வரும், அது முடியும் வரை மண்ணைத் தோண்ட முடியாது என்பதால், அந்த ஆய்வுக்குத் தேவையான தகவல்களைத் திரட்டும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம்.