மனிதரைப் போலத் தடுமாறும் எதிராளி

ஃபைட்டிங் கேம்களில், அதாவது இருவர் நேருக்கு நேர் சண்டையிடும் வீடியோ விளையாட்டுகளில், கணினி எதிராளியோடு மோதிப் பழகினால் கெட்ட பழக்கம்தான் ஒட்டும் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வதுண்டு. அதில் நியாயம் இருக்கிறது. வழக்கமான சிபியு (கணினியே ஆட்டும்) எதிராளியின் கடினத்தைக் கூட்டும்போது அது நம் ஆட்டத்தைப் புரிந்துகொள்வதில்லை. நாம் பொத்தானை அழுத்திய கணத்திலேயே அதை அறிந்துகொண்டு பதிலடி கொடுக்கத் தொடங்குகிறது. நெருப்புருண்டையை எறிய விரல் அசைந்தவுடனேயே எதிராளி குதித்துவிட்டால், அவரை ஏமாற்றுவதற்குச் சிபியுவிடம் மட்டும் செல்லுபடியாகிற சில தந்திரங்களை நாம் கற்றுக்கொள்கிறோம். அவை எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்தால் காற்றோடு போய்விடும்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற விளையாட்டில் டிரைவ் இம்பாக்ட் என்னும் பலத்த தாக்குதலை எடுத்துக்கொள்வோம். அது எதிராளியைத் தொடுவதற்கு 26 ஃபிரேம்கள் (திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் படங்கள்) ஆகும். ஒரு வினாடிக்கு 60 ஃபிரேம் என்ற கணக்கில் இது அரை வினாடிக்கும் சற்றுக் குறைவு. கண்ணால் கண்டு விரல் அசைய மனிதருக்கு ஏறத்தாழ கால் வினாடி, அதாவது 15 ஃபிரேம் தேவைப்படும்; திரையும் கன்ட்ரோலரும் விழுங்கும் தாமதம் தனி. ஆகவே எதிர்பார்த்துக் காத்திருப்பவர் தாராளமாகத் திருப்பி அடித்துவிடுவார். ஆனால் தன் அடுத்த காம்போவை (தொடர் அடியை) மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருப்பவர் அதே தாக்குதலில் சுவரோடு சுவராக அறைபடுவார். ஒவ்வொரு முறையும் திருப்பி அடிக்கும் சிபியு, அதை எப்போதும் பயன்படுத்தாதே என்று கற்பிக்கிறது. ஒருபோதும் திருப்பி அடிக்காத சிபியு, எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்து என்று கற்பிக்கிறது. இரண்டும் பொய்யான பாடங்கள்.

எதிரில் மனிதர்கள் தாராளமாகக் கிடைத்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. நான் இருப்பது பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டிலும் கடைவீதியிலும் தமிழ், அலுவலகத் தாள்களில் மலையாளம் என்று வாழும் ஊர்கள் இவை. இங்கே ஃபைட்டிங் கேம் ஆடுபவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஆள் சேர்த்து ஆட வேண்டுமானால் எல்லை தாண்டிக் கோயம்புத்தூருக்குப் போக வேண்டும். இணையத்தில் ஆடலாம் என்றால், ஆனி ஆடியில் கணவாய்க் காற்று சுழன்றடிக்கும்போது தென்னை மட்டை விழுந்து கேபிள் அறுவது இங்கே புதிதல்ல. கேபிள் நன்றாக இருக்கும் நாளிலும் என்னோடு வழக்கமாக மோதும் நண்பர் துபாயில் இருக்கிறார். இணையத் தாமதத்தைச் சமாளிக்கும் ரோல்பேக் முறை, எதிராளி கடைசியாக அழுத்தியதையே தொடர்ந்து அழுத்துகிறார் என்று ஊகித்து ஆட்டத்தை நகர்த்தி, ஊகம் தவறினால் பின்னோக்கிப் போய்த் திருத்துகிறது. அது அருமையான ஏற்பாடுதான். எனினும் பிங் (தகவல் போய்வர ஆகும் நேரம்) ஏறும்போது திருத்தங்கள் கூடி, தாக்குதலின் தொடக்க அசைவுகள் திரையில் தெரியாமலே போய்விடும். எதைப் பார்த்துத் தடுக்கப் பழக வேண்டுமோ, அதுவே காணாமல் போகிறது.

அதனால்தான் மனித ஆட்டத்திலிருந்து கற்ற எதிராளிகள் எங்களைப் போன்றவர்களுக்குப் பயன்படுகிறார்கள். இந்த யோசனை புதியதன்று. 2002-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த விர்ச்சுவா ஃபைட்டர் 4-இலேயே ஒரு கணினி வீரனைப் பழக்கி வளர்க்கும் முறை இருந்தது. 2013-இல் வெளியான கில்லர் இன்ஸ்டிங்க்ட், நம் ஆட்டத்தைப் பார்த்துக் கற்கும் நிழல் வீரனைப் பின்னர் சேர்த்துக்கொண்டது. 2024 ஜனவரியில் வந்த டெக்கன் 8, சூப்பர் கோஸ்ட் பேட்டில் என்ற பெயரில் நம் பழக்கங்களைக் கற்கும் கோஸ்டை உருவாக்குவதோடு, பிறருடைய கோஸ்டைத் தரவிறக்கி மோதவும் விடுகிறது. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இலும் வி-ரைவல் வந்தது. உண்மையான ஆட்டக்காரர்களின் போட்டிப் பதிவுகளிலிருந்து கற்றது அது.

பக்கத்து வீட்டுத் தம்பி கல்லூரியில் படிக்கிறான். டெக்கனில் கிங் பாத்திரத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டான். அவனுடைய கோஸ்டை என் இயந்திரத்தில் இறக்கி ஆடிப் பார்த்தபோது, அவனோடு ஆடும்போது கண்ணில் படாத ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கீழே விழுந்ததும் சற்றுநேரம் அசையாமல் கிடந்து, நான் நெருங்கும் கணத்தில் தாழ்வாக உதைத்தபடியே எழுந்திருக்கும். குனிந்து தடுத்துவிட்டால் அதன் பிறகு அவனுடைய கிங் திறந்த வீடு. அவனுடைய வீரனின் உயிர் அளவு குறையக் குறைய இந்த உதை அடிக்கடி வந்தது. அவனைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன்.

"அண்ணா, நானா இப்படி எந்திரிக்கறேன்? சும்மா சொல்லாதீங்ணா."

"நீயேதான் தம்பி. இரு, இன்னொரு தடவை விழ வெச்சுக் காட்டறேன்."

கோஸ்ட் மறுபடியும் விழுந்தது, மறுபடியும் உதைத்தது. பையன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். ரீப்ளேயில் நம் ஆட்டத்தை நாமே பார்க்கும்போது ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு சாக்கு தோன்றும். தன் கோஸ்ட் அடுத்தவர் கையில் அடிவாங்குவதைப் பார்ப்பவருக்குச் சாக்குச் சொல்ல இடமே இருப்பதில்லை.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் நேரில் வந்து உட்கார்ந்தபோது கதை வேறாகிவிட்டது. முதல் சுற்றில் உதை வந்தது, தடுத்து அடித்தேன். இரண்டாம் சுற்றில் நான் குனிந்து காத்திருப்பதைக் கண்டுகொண்டு, உதைக்காமல் எழுந்து வந்து, குனிந்திருந்த என்னை, குனிந்து தடுக்க முடியாத நடுமட்ட அடியால் அடித்தான். மூன்றாவதில் எழாமலே உருண்டு போனான். கோஸ்ட் எத்தனை முறை அடிவாங்கினாலும் செக்குமாடுபோல அதே தடத்தில்தான் சுற்றியது. எதிரில் இருப்பவர் தன்னைப் படித்துவிட்டார் என்பதை உணர்ந்து அந்தச் சுற்றுக்குள்ளேயே ஆட்டத்தை மாற்றுவது, பயந்து ஒதுங்குவது, வீம்புக்கு அதையே மறுபடி செய்வது ஆகியவை நான் ஆடிய கோஸ்டுகளிடம் காணக் கிடைக்கவில்லை. ஃபைட்டிங் கேமின் பாதி ருசி அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

ஆய்வாளர்கள் பக்கம் தாமதத்தைப் பற்றிய கவனமாவது இருக்கிறது. ஜப்பானின் ரிட்சுமேகான் பல்கலைக்கழகம் கணினி வீரர்களின் போட்டிக்காக உருவாக்கிய ஃபைட்டிங்ஐஸ் என்னும் களத்தில், ஆடும் நிரலுக்கு ஆட்ட நிலவரம் 15 ஃபிரேம் தாமதமாகவே தரப்படுகிறது; மனிதக் கண்ணுக்குள்ள குறையை நிரலுக்கும் வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். கடையில் விற்கும் விளையாட்டுகளிலும் இந்தத் தாமதத்தை நாமே கூட்டிக் குறைக்க ஒரு அமைப்பு இருந்தால், நான் முதலில் அதைத்தான் திறப்பேன்.

இப்போதைக்குக் கோஸ்டிடம் வெற்றி தோல்வி பார்ப்பதில்லை. எனக்குப் பழக்கமில்லாத பாத்திரத்தை ஆடும் ஒருவருடைய கோஸ்டை எடுத்து, எந்தத் தூரத்தில் அவர் கை துறுதுறுக்கிறது, தடுத்த பிறகு உடனே குத்துகிறாரா, பொறுக்கிறாரா என்ற இரண்டை மட்டும் கவனிக்கிறேன். அது முடிந்ததும் டிரெயினிங் மோடுக்கு (பயிற்சிக் களத்துக்கு) போய், அந்த அடியை எதிரே நிற்கும் பொம்மைக்குப் பதிவு செய்து, கை பழகும்வரை தடுக்கிறேன். தம்பியின் புதிய கோஸ்ட் எப்படி எழுந்திருக்கிறது என்று இன்னும் பார்க்கவில்லை. அவன் இந்த வாரம் பரீட்சையில் இருக்கிறான்.