தலைக்கு மேல் பெய்யாத மழை: கைடோடு கேன்யன் நடை போகிறவர்களுக்கு

மலையேற்றப் பாதையில் மழை வந்தால் நனைவோம், அவ்வளவுதான். கேன்யனுக்குள், அதாவது செங்குத்துப் பாறைச் சுவர்களுக்கு நடுவே உள்ள ஆழமான இடுக்குக்குள், அப்படியில்லை. நாம் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுகூட விழ வேண்டியதில்லை. பல கிலோமீட்டர் மேலே, நம் கண்ணுக்கே படாத சரிவில் இடிமழை கொட்டினால் போதும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் லோயர் ஆன்டிலோப் கேன்யனுக்குள் 11 பேர் இப்படித்தான் இறந்தார்கள். மழை கொட்டியது மேட்டு நிலத்தில், வெள்ளம் வந்தது அவர்கள் நின்ற இடுக்கில்.

பாறையும் இறுகிய மண்ணும் தண்ணீரைக் குடிப்பதில்லை. சுற்றுவட்டாரத்தில் விழுந்ததெல்லாம் ஓடி வந்து ஒரே இடுக்கில் நுழைகிறது. 20 மீட்டர் அகலத்தில் அரை மீட்டர் ஆழமாக வரும் தண்ணீர், அதே வேகத்தில் 2 மீட்டர் இடுக்குக்குள் புகுந்தால் 5 மீட்டர் உயர வேண்டும். உண்மையில் வேகமும் கூடுவதால் உயரம் கொஞ்சம் குறையலாம். ஆனால் அந்த வேகத்துக்கு முன்னால் யாரும் நிற்க முடியாது, பக்கத்துச் சுவரிலும் ஏற முடியாது.

கைடை அமர்த்துவது வழி காட்டுவதற்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இரண்டு சுவர்களுக்கு நடுவே வழி தவறுவது அபூர்வம். நாம் காசு கொடுப்பது, "இன்று வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்த ஒருவருக்கு. அந்த வார்த்தை வராமல் போனதற்கு 1999 ஜூலை 27 சாட்சி. சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் அருகே சாக்ஸெட்பாக் ஓடையில் கைடுகளோடு இறங்கியவர்களை மேல்மலையில் பெய்த இடிமழையின் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இறந்த 21 பேரில் 3 பேர் கைடுகள். கைடு கூட வருகிறார் என்பதே பாதுகாப்பு ஆகிவிடாது. எப்படிப்பட்ட கைடு என்பதைப் பொறுத்தது அது.

அதனால் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். வானிலையை யார் பார்க்கிறார்கள், கடைசியாக எப்போது பார்ப்பார்கள்? பார்ப்பது பக்கத்து ஊருக்கான முன்னறிவிப்பா, கேன்யனுக்குத் தண்ணீர் வரும் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்குமானதா? மேலே அணையோ மின் நிலையமோ இருக்கிறதா, தண்ணீர் திறந்துவிடும் நேரத்தை யாரிடம் உறுதி செய்கிறார்கள்? ஒரு கைடுக்கு எத்தனை பேர்? இந்த வழியில் அவர் கடைசியாக நடந்தது எப்போது? ஒவ்வொரு வெள்ளமும் மணலை அள்ளிப் போட்டு, மரத்தை உருட்டி, கசங்களின், அதாவது ஆழமான நீர்க்குட்டைகளின், ஆழத்தை மாற்றிவிடும். போன வருட அனுபவம் இந்த வாரத்துக்கு உதவாது. இவை எல்லாவற்றையும் விட முக்கியமாக நான் நினைப்பது: வானிலையால் ரத்தானால் பணம் திரும்ப வருமா, அல்லது வேறு நாள், வேறு வழி உண்டா? ரத்து செய்தால் கைடின் அன்றைய கூலி போகும் என்ற ஏற்பாடு இருந்தால், அவர் மனம் "போகலாம்" பக்கமே சாயும். மனிதர்தானே.

நல்ல இடங்களில் இந்த முடிவுக்கு எண்ணே வைத்திருப்பார்கள். அமெரிக்காவின் சயான் தேசியப் பூங்காவில் வர்ஜின் ஆறு ஓடும் 'நேரோஸ்' பகுதியை, நீரோட்டம் நொடிக்கு 150 கன அடியை, அதாவது சுமார் 4,250 லிட்டரைத் தாண்டினால் மூடிவிடுகிறார்கள். திடீர் வெள்ள எச்சரிக்கை வந்தாலும் மூடல்தான். எச்சரிக்கை விலக்கப்பட்டு 2 மணி நேரம் கழித்துத்தான் திறப்பார்கள். உங்கள் கைடிடமும் இப்படி ஒரு எல்லைக்கோடு இருக்கிறதா என்று கேளுங்கள். "போய்ப் பார்த்து முடிவு செய்யலாம்" என்பது மட்டுமே பதிலாக வந்தால் வேறு ஆளைத் தேடலாம்.

வழியின் தரக்குறியீட்டையும் கேட்டு வையுங்கள். அமெரிக்க முறையில் 1 என்றால் நடை, 2 என்றால் கையூன்றி ஏறி இறங்குவது, 3 என்றால் கயிற்றில் இறங்குவது, 4 என்றால் சிக்கலான கயிற்று வேலை. கூட வரும் எழுத்து தண்ணீருக்கானது: ஏ என்றால் வறண்டது அல்லது காலளவு, பி என்றால் ஓட்டமில்லாத அல்லது மெல்லிய ஓட்டமுள்ள ஆழ நீர், நீந்த வேண்டியிருக்கும், சி என்றால் பலமான ஓட்டமுள்ள நீர். நடைதானே என்று வருபவருக்கு, நீந்தத் தெரிந்தால், 2பி வரை சரி. சி என்று கண்டால் நீச்சலோடு முன்அனுபவமும் வேண்டும். ஐரோப்பாவில் செங்குத்துக்கு ஒரு எண், தண்ணீருக்கு ஒரு எண் என்று 1 முதல் 7 வரை தருகிறார்கள். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். கயிறு எளிதாக இருந்து தண்ணீர் கொடியதாக இருக்கும் வழிகள் உண்டு.

உடையில் முதல் விதி, பருத்தி வேண்டாம். நனைந்த ஜீன்ஸும் பனியனும் காய்வதே இல்லை, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கிறது. கேன்யனின் தரைக்கு நண்பகலையொட்டிக் கொஞ்ச நேரம்தான் வெயில் எட்டும். வெளியே சுட்டெரிக்கும் நாளில் உள்ளே பல் கிட்டுவது இதனால்தான். முழங்காலளவு தண்ணீருக்கு 3 மில்லிமீட்டர் நியோப்ரீன் (நுரை ரப்பர்) காலுறை போதும். நீந்த வேண்டியிருந்தால் முழு வெட்சூட், அதாவது உடம்பு முழுவதையும் மூடும் நியோப்ரீன் உடை. பனி உருகி வரும் ஓடை என்றால் 5 மில்லிமீட்டர். வெட்சூட் உடம்போடு ஒட்ட வேண்டும். தொளதொளவென்று இருந்தால் உள்ளே தண்ணீர் வந்து போய்க்கொண்டே இருக்கும், பிறகு அதைப் போட்டுப் பயனில்லை.

காலணியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கடற்கரையில் போடும் மெல்லிய வாட்டர் ஷூ இங்கே ஆகாது. கூழாங்கல் ஒவ்வொன்றும் உள்ளங்காலில் குத்தும், கணுக்காலுக்குப் பிடிமானம் இருக்காது. செருப்பில் விரல் திறந்திருக்கும், பாறையில் இடிக்கும். விரலை மூடிய, கணுக்காலைப் பிடிக்கும், தண்ணீர் வடியும், ஒட்டும் ரப்பர் அடி கொண்ட ஷூ வேண்டும். வாடகைக்கு எடுத்தால் நியோப்ரீன் காலுறையைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். வெறுங்காலில் கச்சிதமாக இருந்தது காலுறையோடு நெரிக்கும், நெரித்த கால் சீக்கிரம் மரத்துப்போகும்.

டிரை பேக்கின் (தண்ணீர் புகாத பையின்) வாயைக் குறைந்தது மூன்று மடிப்பு மடித்துப் பூட்டி, அழுத்திப் பாருங்கள். புஸ் என்று காற்று வந்தால் அங்கே தண்ணீரும் வரும். மாற்று உடை, முதலுதவி, போன் ஆகியவற்றுக்கு உள்ளே இன்னொரு பை போடுங்கள்.

இனி நடை. ஓடும் தண்ணீரில் காலைத் தூக்கி வைத்து நடக்கக் கூடாது. அடியில் தேய்த்து, கல்லைத் தடவிப் பார்த்து, பதிந்த பிறகே எடையை மாற்ற வேண்டும். ஒரு கனமான ஊன்றுகோல் போதும். அதை எதிரோட்டப் பக்கம் ஊன்றுங்கள். ஓட்டமே அதைத் தரையில் அழுத்திப் பிடிக்கும். இரண்டு கால், ஒரு கோல் என்ற மூன்று புள்ளிகளில் இரண்டு எப்போதும் தரையில் இருக்கட்டும். காலைக் குறுக்கே போட்டு நடக்காதீர்கள். குறுக்கே கடக்கும்போது முகம் ஓட்டம் வரும் பக்கம், நடை பக்கவாட்டில், ஓட்டம் போகும் திசையில் சற்றுச் சாய்வாக. குறுகலான இடம் சீக்கிரம் முடியும் போலத் தோன்றும்; ஆனால் ஆழமும் வேகமும் அங்கேதான் அதிகம். அகலமாகப் பரந்து சலசலக்கும் இடமே கடக்க ஏற்றது. கீழே அருவியோ அடைத்துக் கிடக்கும் மரமோ இருந்தால் அதற்கு மேற்புறத்தில் கடக்கவே வேண்டாம். கடக்கும் முன் பையின் இடுப்பு வாரையும் நெஞ்சு வாரையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட முடிய வேண்டும்.

விழுந்துவிட்டால் வேகமான நீரில் எழுந்து நிற்க முயல்வதுதான் மிகப் பெரிய தவறு. கால் கல்லிடுக்கில் மாட்டும், ஓட்டம் முதுகில் தள்ளும், தலை தண்ணீருக்குள் போகும். மல்லாந்து, காலை முன்னே நீட்டி, விரல்நுனி தண்ணீருக்கு மேல் தெரியும்படி மிதந்து, ஓட்டம் தணியும் இடத்தில் கரை ஒதுங்குங்கள்.

கசத்தில் குதிப்பது கைடு அன்றே ஆழம் பார்த்த இடத்தில் மட்டும். குதிக்காமல் இறங்க வழி இருந்தால் அதையே கேளுங்கள். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் இப்படிச் சின்னக் குதிப்பில்தான், இடுக்குக்குள்ளிருந்து ஒருவரைத் தூக்கி வருவது பல மணி நேர வேலை. கயிறு இருக்கும் வழியில் அருவிச் சத்தத்தில் பேச்சு கேட்காது, விசில்தான் மொழி. ஒரு ஊதல் 'நில்' என்பது பொதுவானாலும் மற்ற எண்ணிக்கைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், கரையில் நிற்கும்போதே குழுவாகச் சொல்லிப் பாருங்கள்.

குளிர் ஏறுவதை நனைந்தவர் தானாக உணரமாட்டார். கலகலவென்று பேசியவர் அமைதியானால், பக்கிளை மாட்ட விரல் தடுமாறினால், பேச்சு குழறினால் உடனே கைடிடம் சொல்லுங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்தினால் அது குணமாவதன் அடையாளமல்ல, நிலைமை முற்றுவதன் அடையாளம். தண்ணீரை விட்டு வெளியேற்றி, உலர்ந்த உடை, காற்று மறைப்பு, இனிப்பான உணவு, இவை உடனே வேண்டும். குளிர்ச்சியில் தாகமும் தெரியாது. முழுநாள் நடைக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீரை எடுத்துப்போய்க் குடியுங்கள். ஓடைநீர் தெளிவாக இருப்பதை நம்ப வேண்டாம்.

வெள்ளத்தின் முன்னறிகுறிகள் சின்னவை. தெளிந்த நீர் கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். சற்று முன் வெளியே தெரிந்த கல் மூழ்கியிருக்கும். மேலிருந்து குளிர்ந்த காற்றோ தொடர்ந்த இரைச்சலோ வரும். இதில் ஒன்று கண்டாலும் படம் எடுக்க நிற்காமல், பழைய வெள்ளக் கோட்டுக்கு, அதாவது சுவரில் குச்சிகள் செருகிக் கிடக்கும் உயரத்துக்கு, மேலே உள்ள திட்டில் ஏறுங்கள். வெள்ளத்தோடு போட்டி போட்டு வாசலுக்கு ஓட வேண்டாம். ஏறியபின் தண்ணீர் வடியும்வரை, பல மணி நேரமானாலும், அங்கேயே இருக்க வேண்டும். நல்ல கைடு போகும் வழியிலேயே இத்தகைய திட்டுகளைக் காட்டிக்கொண்டு போவார். காட்டாவிட்டால் கேளுங்கள், தவறில்லை.

திரும்பும் நேரத்தை மணிக்கணக்கில் முடிவு செய்யுங்கள், இடக்கணக்கில் வேண்டாம். தண்ணீருக்குள் எதிரோட்டத்தில் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் என்பதே நல்ல வேகம். "அந்த வளைவு வரை" என்று கிளம்பினால் அடுத்த வளைவும் அழைக்கும். திரும்பும்போது ஓட்டம் உதவினாலும் களைத்த கால் தடுக்கும். விழும் ஆபத்து கடைசி நேரத்தில் கூடும். சுவர்களுக்கு நடுவே போன் சிக்னல் கிடையாது, செயற்கைக்கோள் கருவிக்கும் வானம் போதாமல் போகலாம். எனவே எத்தனை மணிக்குள் வராவிட்டால் தேட வேண்டும் என்பதை வெளியே இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

மலம் கழிக்க இடுக்குக்குள் குழி தோண்டுவது சரியில்லை, அடுத்த வெள்ளம் அதைக் கீழே கொண்டுபோகும். அதற்கென்று இருக்கும் பையில் கட்டி வெளியே எடுத்து வர வேண்டும். வந்தபின் ஷூவையும் வெட்சூட்டையும் சேறு போகக் கழுவி முழுக்கக் காயவையுங்கள். ஈரமாகவே அடுத்த ஓடைக்குக் கொண்டுபோனால், ஒரு நீரின் உயிரிகளை, தவளைகளைக் கொல்லும் பூஞ்சை உட்பட, இன்னொரு நீரில் விட்டுவிடுவோம். ஷூவின் அடிப்பள்ளங்களை மட்டும் ஒரு பழைய பிரஷால் தனியாகத் தேய்க்க வேண்டும்; மண் கடைசிவரை ஒட்டிக் கிடப்பது அங்கேதான்.