தலையில் நெளிகோடு

சென்னையில் ஒரு கணக்குச் சேவை அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஸ்பெயினிலிருந்து வரும் இன்வாய்ஸ்களைக் கணினியில் ஏற்றுவது. ஸ்பானிஷ் தெரியத் தேவையில்லை, பார்த்து அடித்தால் போதும் என்றார்கள். எழுத்துகளின் தலையில் இருந்த கோடுகளை ஸ்கேனில் விழுந்த தூசு மாதிரி நினைத்து, விட்டுவிட்டு அடித்தேன். ஒரு நாளைக்கு எத்தனை இன்வாய்ஸ் என்பதுதானே கணக்கு!

டிசம்பர் கடைசியில், யாரும் சொல்லாமலே, வாடிக்கையாளருக்குப் புத்தாண்டு வாழ்த்து அனுப்பினேன். 'ஃபெலிஸ் அஞோ நுவேவோ' என்று இருந்திருக்க வேண்டும். அஞோ என்றால் ஆண்டு. 'என்' (n) எழுத்தின் தலையில் நெளிகோடு இல்லாமல் 'அனோ' என்று அடித்திருந்தேன். அனோ என்றால் ஆசனவாய். அந்தப் பக்கத்து அம்மா நன்றி சொல்லி, அதே வாழ்த்தைச் சரியான எழுத்தோடு திருப்பி எழுதியிருந்தார். அகராதியைப் பார்த்த பிறகு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம்தான் அந்த எழுத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அதன் பெயர் எஞே (ñ). ஒலி, நம் ஞாயிற்றில் வரும் ஞ-வேதான். அஞோ, லத்தீனில் 'அன்னுஸ்' என்று இரண்டு 'என்' வந்த சொல். கையால் ஏடு எழுதிய காலத்தில் இடம் மிச்சம் பிடிக்க ஒன்றின் தலையில் இன்னொன்றைக் குட்டியாகப் போட்டார்கள். அந்தக் குட்டிதான் நெளிகோடு. எஞே இல்லாத விசைப்பலகையை விற்கக் கூடாது என்ற ஸ்பெயினின் விதி வணிகத்துக்குத் தடை என்று 1991-இல் ஐரோப்பிய சமூகம் ஆட்சேபித்தது. ஸ்பெயின் விடவில்லை, 1993-இல் பண்பாட்டைக் காரணம் காட்டி ஆணை போட்டு எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டது. நான் தூசு என்று நினைத்தது இதைத்தான்.

மானிட்டர் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டினேன். ஆல்ட் விசையை அழுத்தியபடி எண் பலகையில் 164 அடித்தால் எஞே. தலையில் கோடு போட்ட ஏ 160, ஐ 161, ஓ 162, யூ 163. ஈ மட்டும் எங்கோ தள்ளி 130-இல். யார் போட்ட வரிசையோ! ஒரு மாதத்தில் விரல்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. சரி, தப்பித்தோம் என்று இருந்தபோது லேப்டாப் கொடுத்தார்கள். அதில் எண் பலகையே இல்லை.

அமெரிக்க-சர்வதேச விசைப்பலகை அமைப்புக்கு மாறினேன். ஒற்றை மேற்கோளை அடித்துவிட்டு உயிரெழுத்தை அடித்தால் கோடு ஏறிக்கொள்ளும். ஸ்பானிஷுக்குச் சுகம். ஆங்கில மெயிலில் உயிரெழுத்தில் தொடங்கும் ஒரு சொல்லுக்கு இரட்டை மேற்கோள் போடப் போனால், மேற்கோள் காணாமல் போய் முதல் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி உட்கார்ந்திருக்கும். மேற்கோளுக்குப் பின் ஒரு ஸ்பேஸ் தட்ட வேண்டும் என்று கண்டுபிடிக்கும் வரை என் மெயில்கள் ஜெர்மன் வாடை அடித்தன.

கடைசியில் ஸ்பானிஷ் அமைப்பையே போட்டுக்கொண்டேன். எல்-லுக்கு அடுத்த விசையில் எஞே தனியாக இருக்கிறது. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் அதே இடத்தில் ந. இரண்டையும் அடிக்கிற எனக்கு இப்போது அந்த விசையின் அச்சு அழிந்தே போய்விட்டது.

போன வாரம் ஐடி பையன் ஏதோ நிறுவ வந்து, என் இருக்கையில் உட்கார்ந்து நிர்வாகக் கடவுச்சொல்லை அடித்தான். மூன்று முறையும் தவறு என்றது. அவன் அடித்த அட் குறி (@) எல்லாம் இரட்டை மேற்கோளாக விழுந்துகொண்டிருந்தது. "அண்ணா, கீபோர்டு ரிப்பேரா?" என்றான்.