சேர் வாங்கும்போது முட்டிக்குப் பின்னாடி ரெண்டு விரல் வச்சுப் பாருங்க

முன்னாடி ஒரு சேர் வாங்கினேன், பெட்டி மேல பெருசா 'எர்கோனாமிக்'னு, அதாவது உடம்புக்கு ஏத்த மாதிரி செஞ்சதுன்னு போட்டிருந்துச்சு, கழுத்துக்கு ஒரு குட்டி தலகாணி, இடுப்புக்கு ஒண்ணு, பார்க்க ரேஸ் கார் சீட் மாதிரி இருக்கும். மூணே மாசத்துல சாயங்காலம் ஆனாலே கால் மரத்துப்போக ஆரம்பிச்சுது. ஏன்னு ரொம்ப நாள் புரியல. நான் உயரம் கம்மி, அந்த சீட்டுக்கு ஆழம் ஜாஸ்தி, நல்லா பின்னாடி சாஞ்சு உக்காந்தா சீட்டோட முன் விளிம்பு முட்டிக்குப் பின்னாடி இருக்கற குழியில அழுத்தும், அது வேணாம்னு முன்னாடி நகர்ந்தா முதுகுக்குப் பின்னாடி வெறும் காத்துதான், அப்புறம் அந்தத் தலகாணி யாருக்கு?

அதனால இப்போ யாரு கேட்டாலும் நான் மொதல்ல சொல்றது இதுதான். முதுகு முழுசா ஒட்டுற மாதிரி உக்காருங்க, பாதம் தரையில படியட்டும், இப்போ சீட் விளிம்புக்கும் காலுக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் நுழையணும். நுழையலன்னா அந்த சேர் உங்களுக்கு இல்ல, எவ்வளவு வெலையா இருந்தாலும் சரி. சீட்டை முன்னபின்ன தள்ளுற வசதி இருந்தா ரொம்ப நல்லது, முன் விளிம்பு கீழ்நோக்கி வளைஞ்சிருக்கான்னும் தடவிப் பாருங்க.

1994ல ஹெர்மன் மில்லர்ங்கற அமெரிக்க ஃபர்னிச்சர் கம்பெனி ஏரான்ங்கற ஆபீஸ் சேரைக் கொண்டுவந்தப்போ ஏ, பி, சின்னு மூணு சைஸ்ல விட்டாங்க. செருப்புக்கு சைஸ் பார்த்து வாங்கற நாம, எட்டு மணி நேரம் உக்கார்ற சேருக்கு பார்க்கறதே இல்லைங்கறது எனக்கு நிஜமாவே வருத்தம்.

பிஃப்மா, அதாவது ஆபீஸ் ஃபர்னிச்சர் தயாரிக்கறவங்களோட அமெரிக்க சங்கம், அதோட சர்டிஃபிகேட் இருக்குன்னு சொல்லி விப்பாங்க. எக்ஸ்5.1ங்கற அந்த டெஸ்ட் சேர் உடையாம, கவிழாம எவ்வளவு உழைக்கும்னு பார்க்கறது, அது அவசியம்தான், ஆனா உங்க இடுப்புக்கு ஒத்துவருமான்னு அது சொல்லாது.

இடுப்பைத் தாங்கற லம்பார் சப்போர்ட் மேல கீழ நகரணும், ஏன்னா இடுப்பு வளைவு எல்லாருக்கும் ஒரே உயரத்துல இருக்காது. சாயும்போது சீட்டும் முதுகும் ஒரே கட்டையா சேர்ந்து போனா பாதம் தரையை விட்டுத் தூக்கும், நல்ல மெக்கானிசம்னா முதுகுதான் அதிகமா சாயும், சீட் கொஞ்சமா கூட வரும். குஷனை முஷ்டியால அழுத்திப் பாருங்க, அடியில பலகை தட்டுச்சுன்னா ஒரு வருஷத்துல உக்கார்ற எலும்பு வலிக்கும்.

டேபிளையும் சேர்த்துப் பார்க்கணும். சாதாரணமா டேபிள் 73, 75 செ.மீ உயரம் இருக்கும், என்னை மாதிரி ஆளுங்களுக்கு அது அதிகம், தோள் தானா காதுகிட்ட ஏறிடும், அதுக்காக சேரை ஏத்தினா கால் தொங்கும். நான் கடைசியில சேரை ஏத்திட்டு காலுக்கு ஒரு பலகை போட்டேன், தோள் வலி அதுலதான் குறைஞ்சுது.

இப்போ இருக்கற சேர்ல சீட் ஸ்லைடர் இருக்கு, வீட்ல உயரமானவங்க உக்காந்தா கடைசி வரைக்கும் வெளிய இழுத்து வச்சிருப்பாங்க, நான் வந்ததும் லீவரைத் தூக்கி நாலு க்ளிக் உள்ள தள்ளிட்டு, ரெண்டு விரல் வச்சுப் பார்த்துட்டுத்தான் லேப்டாப்பைத் திறக்கறேன்.