சீனாய் மலையில் ஒரு விருந்து

பைபிளின் இரண்டாம் புத்தகமான யாத்திராகமம் 19, 20-ஆம் அதிகாரங்களில் சீனாய் மலையைத் தொட்டாலே மரணம். இடி, மின்னல், சூளையைப் போலப் புகை, மலை முழுவதும் அதிர்கிறது. தேவன் நேரடியாகப் பேசினால் செத்துப்போவோம் என்று இஸ்ரவேல் ஜனங்கள் தூரத்தில் நிற்கிறார்கள்.

அப்புறம் 24-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். பலியின் இரத்தம் தெளிக்கப்பட்டு தேவனுக்கும் ஜனங்களுக்கும் இடையிலான உடன்படிக்கை உறுதியாகிறது. ஜனங்களை நடத்திய மோசே, அவருடைய அண்ணன் ஆரோன், ஆரோனின் மகன்கள் நாதாப், அபியூ, கூடவே மூப்பர்கள் 70 பேர் அதே மலையில் ஏறுகிறார்கள். இஸ்ரவேலின் தேவனைத் தரிசிக்கிறார்கள். அவருடைய பாதத்தின்கீழ் நீலக்கல் தளம், தெளிந்த வானம்போல. வேதம் பாதத்துக்குக் கீழே உள்ளதை மட்டும்தான் விவரிக்கிறது, கவனித்தீர்களா? அதற்குமேல் நிமிர்ந்து பார்த்துச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்!

தேவன் அவர்கள்மேல் கை நீட்டவில்லை. அவர்கள் அங்கேயே புசித்துக் குடித்தார்கள். சில மாதங்களுக்கு முன்வரை எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகள்! இந்த வசனத்தை என்னால் வேகமாக வாசித்துக் கடக்க முடிவதில்லை.

இதே ஆரோன்தான் 32-ல் ஜனங்கள் வணங்கப் பொன் கன்றுக்குட்டியைச் செய்கிறார். தேவனுக்குக் கோபம் வந்தது, தண்டனையும் வந்தது. ஆனாலும் மோசே மன்றாடியபோது, "என் சமுகம் (அதாவது என் பிரசன்னம்) உனக்கு முன்பாகச் செல்லும்" என்றார் கர்த்தர்.